பிரின்டர் காட்றிஜை வீட்டிலேயே நிரப்புவது எப்படி? – ஒரு சிறு கடைக்காரரின் அனுபவப் பாடம்



சிறுதொழில் செய்யும் சகோதரர்களும், பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டில் ஒரு பிரின்டர் வாங்கி வைத்திருக்கும் தாய்மார்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிரின்டர் வாங்கிய காசை விட மைக்குக் கொடுக்கிற காசு கூடிப் போகுதே, என்ன செய்யலாம்?" என்பார்கள். அதற்கான பதிலை இந்த வாரம் விரிவாகப் பார்ப்போம். வெறும் செய்முறையை மட்டும் சொல்லாமல், அதைப் படிக்க நான் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் ஐந்துசந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை. தட்டச்சு, போட்டோக்கொப்பி, பிரின்ட் எடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் தொழில். 1990 அக்டோபர் 30ஆம் திகதி இந்த ஊரை விட்டு எல்லோருடனும் வெளியேறிய போது நான் பள்ளிக்கூடப் பையன். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கணினி பழகி, 2003இல் திரும்பி வந்து ஒரு மேசையும் ஒரு பிரின்டரும் போட்டுத் தொடங்கினேன்.

மை நிரப்பப் பழகியது ஆசையினால் அல்ல. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு வரும் சாமான் எல்லாம் கப்பலை நம்பியிருந்தது. அரிசியும் மாவும் மருந்தும் வர வேண்டிய கப்பலில் பிரின்டர் காட்றிஜுக்கு இடம் எங்கே? இங்குள்ள நாளேடுகளே தாளும் மையும் இல்லாமல் பக்கங்களைக் குறைத்த காலம் அது. என் கடையில் இரண்டு காட்றிஜும் வற்றிப் போயின. பாமசியில் ஒரு ஊசிக் குழாய் வாங்கினேன். தெரிந்த ஒருவரிடம் பாதிப் போத்தல் கறுப்பு மை இருந்தது. அன்று தொடங்கிய வேலை இது.

அந்த மழை நாள்

பழகி ஐந்து வருடம் ஆன பிறகுதான் பெரிய பிழை விட்டேன். 2011 நவம்பர். புத்தளத்தில் இருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர், தன் வளவுக்காணி சம்பந்தமாக ஒரு அலுவலகத்துக்குக் கொடுக்க இரண்டு பக்கக் கடிதம் அடிக்கச் சொன்னார். குடும்பத்தில் உள்ளவர்களின் பெயர்கள், 1990க்கு முன்னைய விலாசம், எல்லைகள் எல்லாம் அதில் இருந்தன. அடித்துக் கொடுத்தேன். அவர் போல்பொயின்ட் பேனையால் கையெழுத்து வைத்து, சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நடந்தார்.

மாரி மழை. போகிற வழியில் நனைந்து விட்டார். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து தாளை மேசையில் விரித்தார். எழுத்தெல்லாம் கரைந்து, ஊதா நிறத்தில் ஓடியிருந்தது. "தம்பி, என்ட கையெழுத்து மட்டும்தான் மிச்சம்" என்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

திரும்ப அடித்துக் கொடுத்தேன். ஆனால் அன்று அலுவலக நேரம் முடிந்து விட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை அவருக்கு ஊரில் வேறு அலுவல். திரும்பவும் வர இரண்டு வாரம் பிடித்தது. பஸ் காசும் இரண்டு நாள் கூலியும் அவருக்கு நட்டம். பிழை மழையுடையது அல்ல, என்னுடையது. நீரில் கரையாத கறுப்பு மை இருக்க வேண்டிய காட்றிஜுக்குள், கையில் கிடைத்த கரையும் மையை ஊற்றியிருந்தேன். பக்கத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புத்தான். ஒரு துளி தண்ணீர் விழுந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

காட்றிஜுக்குள் என்ன நடக்கிறது?

செய்முறைக்கு முன் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காமல் செய்பவர்தான் காட்றிஜைப் பழுதாக்குகிறார்.

1977இல் ஜப்பானின் கெனன் நிறுவன ஆய்வுகூடத்தில், மை நிரம்பிய ஒரு ஊசியில் சூடான சோல்டரிங் அயன் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையில் இருந்து மை பீறிட்டு வந்தது. அதைக் கண்ட பொறியியலாளர் இச்சிரோ என்டோ, சூட்டினால் மையைத் தள்ளலாம் என்ற யோசனையைப் பிடித்துக்கொண்டார். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் எச்.பி. நிறுவனத்தாரும் தனியாக இதே முடிவுக்கு வந்து, 1984இல் திங்ஜெட் என்ற பிரின்டரைச் சந்தைக்கு விட்டார்கள்.

இன்றும் அதே முறைதான். காட்றிஜுக்குள் ஒரு பஞ்சு மையைப் பிடித்து வைத்திருக்கிறது. அடியில் தலைமயிரை விட மெல்லிய துவாரங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு துவாரத்துக்குப் பின்னும் ஒரு மிகச் சிறிய சூடேற்றி. மின்சாரம் ஒரு கணம் பாய்ந்ததும் மையில் ஒரு குமிழி எழும்புகிறது. அது ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. குமிழி அடங்கும்போது அந்த இடத்துக்குப் புதிய மை வருகிறது.

இதில் இருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது: சூடேற்றியைக் குளிர வைப்பதும் அந்த மைதான். மை இல்லாமல் பிரின்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் சூடேற்றி எரிந்து விடும். அதன் பிறகு எவ்வளவு மை ஊற்றினாலும் பயனில்லை. எனவே எழுத்தில் முதல் வெள்ளைக் கோடு விழுந்த உடனேயே நிறுத்தி நிரப்ப வேண்டும். "இன்னும் நாலு பக்கம் ஓடட்டும்" என்பவர் காட்றிஜை இழப்பார்.

இரண்டாவது: பஞ்சு மையை இலேசாக உள்ளே இழுத்து வைத்திருப்பதால்தான் துவாரம் வழியாக மை ஒழுகுவதில்லை. அளவுக்கு மேல் நிரப்பினால் பஞ்சு தோற்றுப் போகும், மை பிரின்டருக்குள் ஒழுகும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

1. தலை காட்றிஜிலேயே உள்ள வகை. எச்.பி. 21, 22, 678, 680, கெனன் பிஜி-40, சிஎல்-41 போன்றவை. அடியில் துவாரத் தகடும், பின்னால் செப்பு நிறப் புள்ளிகளும் தெரியும். வீட்டில் நிரப்பப் பழக ஏற்றது இந்த வகைதான். பழுதானாலும் காட்றிஜ் மட்டும்தான் போகும், பிரின்டர் தப்பும்.

2. தலை பிரின்டருக்குள் இருக்கும் வகை. எப்சன் பிரின்டர்கள் இப்படியானவை. அவற்றில் சூடேற்றி இல்லை. மின்சாரம் பட்டால் வளையும் ஒரு பொருள் மையைத் தள்ளுகிறது. காட்றிஜ் வெறும் மைப்பெட்டி, அதில் ஒரு சிப் இருக்கும். மை இருந்தாலும் சிப் "முடிந்தது" என்றால் பிரின்டர் ஓடாது. தலை அடைத்தால் செலவு பெரிது. புதிதாகப் பழகுபவர் இதில் கை வைக்க வேண்டாம்.

3. மைத்தாங்கி வகை. ஆசிய நாடுகளில் கடைக்காரர்கள் பிரின்டருக்கு வெளியே போத்தல் வைத்து, குழாய் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்ததைக் கம்பனிகள் பார்த்தன. எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் தாங்கியுடனேயே பிரின்டரை விற்கத் தொடங்கியது. கெனன் 2015இல் பின்தொடர்ந்தது. இதில் நிரப்புவதென்றால் போத்தலைத் திறந்து ஊற்றுவதுதான்.

இந்தப் பாடம் முதலாவது வகைக்கானது.

தேவையான சாமான்கள்

- நிறத்துக்கு ஒன்றாக 5 அல்லது 10 மி.லீ. ஊசிக் குழாய்கள். மொட்டை முனையுள்ள நீள ஊசி நல்லது. ஒரு நிறத்துக்குப் பாவித்ததை மற்றதற்குப் பாவிக்க வேண்டாம்.
- உங்கள் காட்றிஜ் இலக்கத்துக்கு உரிய மை. "எல்லாப் பிரின்டருக்கும் சரி" என்று போத்தலில் எழுதியிருந்தால் யோசிக்கவும்.
- மெல்லிய கையுறை, பழைய பத்திரிகைத் தாள், தும்பு விடாத டிஷ்யூ, பல்லுக்குத்தும் குச்சி, செலோடேப்.
- காய்ச்சி வடித்த நீர்.

கடைசிச் சாமானைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், கரையோரங்களில் உப்பும் சேரும். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளைதான் தலைமயிரை விட மெல்லிய துவாரத்திலும் படியும். கிணற்றுத் தண்ணீரில் காட்றிஜைக் கழுவுவது, அடைப்பை எடுக்கப் போய் நிரந்தர அடைப்பைப் போடுவதாகும். நான் முதல் வருடத்தில் இரண்டு காட்றிஜை இப்படித்தான் முடித்தேன்.

வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் கராஜ்களில் கிடைக்கும். வாங்கும்போது கவனம்: பற்றரித் தண்ணீர் வேறு, பற்றரி அசிட் வேறு. அசிட் கையையும் கண்ணையும் எரித்து விடும். போத்தலை வாசித்து, கேட்டு, உறுதி செய்த பின்னரே வாங்குங்கள்.

எந்த மை? கரைவதா, கரையாததா?

மை இரண்டு வகை. சாய மை தண்ணீரில் முழுதாகக் கரைந்திருக்கும். சீனி கரைந்த தேநீர் போல. நிறம் பளபளப்பாக இருக்கும், படங்களுக்கு நல்லது, ஆனால் ஈரம் பட்டால் ஓடும். மற்றது நிறமித் துகள் மை. மிக நுண்ணிய துகள்கள் தண்ணீரில் மிதந்து கொண்டிருக்கும். தாளில் காய்ந்ததும் துகள்கள் பிடித்துக்கொள்ளும், ஈரம் பட்டாலும் எழுத்து நிற்கும்.

எச்.பி. 21, கெனன் பிஜி-40 போன்ற கறுப்புக் காட்றிஜுகள் துகள் மைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றோடு வரும் கலர் காட்றிஜுகள் சாய மைக்கானவை. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றக் கூடாது. இரண்டையும் ஒரே காட்றிஜில் கலந்தால் துகள்கள் திரண்டு துவாரத்தை அடைக்கும்.

மை வாங்கும் கடையில் "இது பிக்மென்ட்டா, டையா?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்து சோதிக்க வழி இது: ஒரு வரி பிரின்ட் எடுத்து, பத்து நிமிடம் காய விட்டு, விரலால் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். எழுத்து அப்படியே நின்றால் துகள் மை. ஓரம் பூத்து ஓடினால் சாய மை. அந்தப் பெரியவரின் கடிதத்தில் இந்த ஒரு துளிச் சோதனையை நான் செய்திருந்தால் அவருக்கு இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

நிரப்பும் முறை

1. மேசையில் பத்திரிகைத் தாளை நாலைந்து மடிப்பாக விரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். நம் செம்மண் தூசி துவாரத்துக்குப் பகை. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

2. காட்றிஜின் மேல் உள்ள லேபலை மெதுவாக உரியுங்கள். பிறகு ஒட்டுவதற்காகக் கிழியாமல் எடுத்து வையுங்கள். அடியில் துளைகள் தெரியும். கலர் காட்றிஜில் எந்தத் துளை எந்த நிறம் என்று ஊகிக்க வேண்டாம். மாடலுக்கு மாடல் மாறும். துளைக்கு ஒரு புதிய குச்சியாக விட்டு எடுத்து, முனையில் ஒட்டும் நிறத்தைப் பார்த்து, ஒரு தாளில் படம் வரைந்து குறித்து வையுங்கள். மஞ்சளுக்குள் ஒரு சொட்டு நீலம் போனால், பிறகு மஞ்சள் எல்லாம் பச்சையாகத்தான் வரும்.

3. ஊசிக் குழாயில் மையை எடுத்து, மேல் நோக்கிப் பிடித்து, உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள். ஊசியைப் பஞ்சுக்குள் மெதுவாக இறக்குங்கள். அடிவரை குத்த வேண்டாம், அங்கே ஒரு மெல்லிய வடி இருக்கிறது.

4. மிக மெதுவாக அழுத்துங்கள். ஒரு மி.லீ.க்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஊற்றினால் பஞ்சுக்குள் காற்று சிக்கும். சாதாரண எச்.பி. 21 காட்றிஜ் கம்பனியில் இருந்து வருவது 5 மி.லீ. மையுடன்தான். எனவே கறுப்புக்கு 5 மி.லீ.க்கு மேல் வேண்டாம். 22 போன்ற கலரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்றரை மி.லீ. போதும். மை துளையின் வாய்க்கு எட்டிப் பார்த்தால் நிறுத்தி, கொஞ்சம் திரும்ப இழுத்து விடுங்கள்.

5. துளையைச் சுற்றித் துடைத்து, லேபலைத் திரும்ப ஒட்டுங்கள். செலோடேப்பால் முழுதாக இறுக்கி அடைக்க வேண்டாம். மை கீழே போக மேலே காற்று வர வேண்டும். காற்றுப் போகாவிட்டால் நாலு வரி அடித்து விட்டு நின்று விடும். பலர் இதைக் காட்றிஜ் பழுது என்று நினைத்து எறிகிறார்கள்.

6. டிஷ்யூவை மடித்து, காட்றிஜின் அடியை அதில் சில நொடிகள் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். கறுப்பில் ஒரு நேரான பட்டையும், கலரில் தனித்தனியாக மூன்று பட்டைகளும் தெரிய வேண்டும். நிறங்கள் கலந்து தெரிந்தால், தெளிவாகும் வரை ஒற்றுங்கள். பிறகு பிரின்டரில் இருப்பது போலவே அடி கீழாக ஓரிரு மணித்தியாலம் வையுங்கள்.

7. செப்புப் புள்ளிகளை வடித்த நீரில் இலேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். விரல் பட வேண்டாம்.

8. பிரின்டரில் போட்டு, சுத்தப்படுத்தும் கட்டளையை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை கொடுத்து, சோதனைப் பக்கம் எடுங்கள்.

மை அளவு "காலி" என்றே காட்டும். பயப்பட வேண்டாம். அந்தக் கணக்கு காட்றிஜுக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வதல்ல, அடித்த துளிகளை எண்ணிச் சொல்வது. கெனன் பிக்ஸ்மா பிரின்டர்களில் நிறுத்தும் பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்த எச்சரிக்கை விலகி, வேலை ஓடும். ஆனால் அதன் பிறகு மை முடிவதைப் பிரின்டர் சொல்லாது, உங்கள் கண்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு எனக்குக் கன்னாதிட்டியில் நகைத்தொழில் செய்யும் நண்பர் ஒரு வழி சொன்னார். தராசு. புதிய காட்றிஜை வாங்கிய அன்றே நிறுத்து எடையை அதன் மேல் எழுதி வைக்கிறேன். மை ஒரு மி.லீ. ஏறத்தாழ ஒரு கிராம். எடை குறைந்த அளவே குறைந்த மை. ஊற்ற வேண்டிய அளவும் அதுவே. அன்றில் இருந்து என் கடையில் மை ஒழுகியதில்லை.

அடைத்துப் போனால்

சோளகம் வீசும் வெக்கை மாதங்களில் ஒரு கிழமை பாவிக்காமல் விட்டாலே சில காட்றிஜுகள் காய்ந்து விடும். அப்படியானால்:

ஒரு தட்டையான கிண்ணத்தில் வடித்த நீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு எடுத்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். துவாரத் தகடு மட்டும் நனையும்படி காட்றிஜை ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். மை நூல் போல இறங்குவது தெரியும். எடுத்து டிஷ்யூவில் ஒற்றுங்கள். தேவையென்றால் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். கொதிநீர் வேண்டாம், தகட்டை ஒட்டிய பசை விட்டுப் போகும். ஊசியாலோ குச்சியாலோ துவாரத்தைக் குத்தவே கூடாது.

தலை பிரின்டருக்குள் உள்ள வகையில் இப்படிச் செய்ய முடியாது. சுத்தப்படுத்தும் கட்டளையை இரண்டு தடவை கொடுத்து, இரவு முழுவதும் விட்டு, காலையில் மறுபடி கொடுங்கள். புதிய மையே காய்ந்த மையை இளக்கும். தொடர்ந்து பத்துத் தடவை கொடுத்தால் மை எல்லாம் கழிவுப் பஞ்சுக்குள் போகும், காசு கரையும்.

இன்னொரு விடயம். சுவரில் உள்ள சுவிட்சால் பிரின்டரை நிறுத்த வேண்டாம். பிரின்டரில் உள்ள பட்டனால் நிறுத்தினால்தான் காட்றிஜ் அதன் இடத்துக்குப் போய், இறப்பர் மூடிக்குள் அமரும். நடுவில் நின்றால் வெளிக்காற்றில் காய்ந்து விடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த போது பலருடைய காட்றிஜ் அடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கரண்ட் திரும்பியதும் ஒரு தடவை போட்டு, பட்டனால் முறையாக நிறுத்துங்கள். கிழமைக்கு ஒரு கலர்ப் பக்கம் எடுப்பதும் நல்லது.

கழிவு மையைக் கிணற்றடியிலோ வெறும் நிலத்திலோ ஊற்ற வேண்டாம். நம் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு, மேலே விட்டது கீழே போய்விடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை நாம் மறந்து விடக் கூடாது. டிஷ்யூவில் ஊற வைத்துக் காய விட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஊசியை மூடியுடன் போத்தலில் அடைத்துப் போடுங்கள்.

லாபமா, நட்டமா? ஒரு கணக்கு

கீழே உள்ளவை கணக்குப் பழகுவதற்கான எண்கள் மட்டுமே. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு புதிய கறுப்புக் காட்றிஜ் 4,000 ரூபா என்றும், 100 மி.லீ. மைப் போத்தல் 1,200 ரூபா என்றும் வைப்போம். சிந்துவது, ஒற்றுவது, சுத்தப்படுத்துவது என்று 20 மி.லீ. கழித்தால் மிச்சம் 80. தடவைக்கு 5 மி.லீ. வீதம் 16 தடவை நிரப்பலாம். ஒரு தடவைக்கு மை 75 ரூபா. கையுறை, டிஷ்யூ, செலோடேப் எல்லாம் 25. ஆக 100 ரூபா.

ஆனால் "4,000 ரூபாச் சாமான் 100 ரூபாவுக்கு" என்று துள்ளக் கூடாது. காட்றிஜ் எப்போதும் உழைக்காது. என் அனுபவத்தில் நாலு தடவை நிரப்பும் வரை நம்பலாம், பிறகு எழுத்து மங்கத் தொடங்கும். எனவே புதியது ஒன்றும் நாலு நிரப்பலுமாக 4,400 ரூபாவுக்கு ஐந்து தடவை ஓடுகிறது. தடவைக்கு 880 ரூபா. புதிதாகவே வாங்கினால் 4,000. உண்மையான மிச்சம் இதுதான். இதுவே பெரிய மிச்சம்.

யாருக்கு இது வேண்டாம்? மாதம் பத்துப் பக்கம் எடுப்பவருக்கு வேண்டாம். காட்றிஜ் ஓடி முடிவதற்குள் காய்ந்து விடும், கடையில் எடுப்பது மலிவு. நாளுக்கு நூறு பக்கம் எடுப்பவருக்கும் வேண்டாம். அவர் மைத்தாங்கி பிரின்டரோ லேசர் பிரின்டரோ வாங்குவதே புத்தி. இடையில் உள்ளவர்களுக்கு, அதாவது டியூசன் வகுப்பு நடத்துபவர், சிறு கடைக்காரர், படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடு, இவர்களுக்குத்தான் இந்தக் கைத்தொழில்.

தட்டுப்பாடு வரும்போது இதன் பெறுமதி இன்னும் கூடும். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. தாளும் மையும் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே அந்த மார்ச்சில் ஒத்திவைக்கப்பட்டன. ஆங்கில நாளேடான 'தி ஐலண்ட்' அச்சுப் பதிப்பைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2006இல் பாதை மூடி யாழ்ப்பாணம் பட்டதை 2022இல் முழு நாடும் பட்டது. அந்த மாதங்களில் என் கடை ஒரு நாளும் "மை இல்லை" என்று ஆளைத் திருப்பி அனுப்பவில்லை.

நிரப்பி விற்கலாமா?

சிலர் கேட்பார்கள், "கம்பனிச் சாமானை நாம் நிரப்புவது சட்டத்துக்கு முரணா?" என்று. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பனி, தன் காட்றிஜை மீள்நிரப்பி விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2017 மே 30ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கம்பனி ஒரு பொருளை விற்று விட்டால் அதன் மேல் காப்புரிமையை வைத்து வாங்கியவரைக் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அது அந்த நாட்டுச் சட்டம்தான். ஆனாலும் வாங்கியவன் தன் பொருளை நிரப்பிப் பாவிப்பதில் உள்ள நியாயத்தை அது விளக்குகிறது.

நிரப்புவது பிழையல்ல. நிரப்பியதைப் புதியது என்று பெட்டியில் போட்டு விற்பதுதான் பிழை. அது சட்டப்படியும் மோசடி, மார்க்கப்படியும் மோசடி. சாமானில் உள்ள குறையை மறைத்து விற்ற வியாபாரத்தில் பரக்கத் இல்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எனவே தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு என் கடையில் உள்ள நாலு ஒழுங்குகளைச் சொல்கிறேன்.

ஒன்று, "மீள்நிரப்பியது" என்று காட்றிஜின் மேலேயே எழுதி, திகதியும் எத்தனையாவது தடவை என்பதும் போட வேண்டும். இரண்டு, ஊற்றிய அளவை வாடிக்கையாளர் முன்னால் தராசில் காட்ட வேண்டும். மூன்று, சோதனைப் பக்கம் எடுத்துக் காட்டிய பின்னரே காசு வாங்க வேண்டும்; ஓடாவிட்டால் கூலி இல்லை. நான்கு, கரையும் மையா, கரையாததா என்பதை நாமே முதலில் சொல்ல வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தப் பெரியவருக்குக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவன் நான்தான்.

இன்று என் கடையில் இரண்டு பிரின்டர்கள். ஒன்று பிள்ளைகளின் படம், கலர் வேலைகளுக்கு. மற்றதில் துகள் மை மட்டும்தான். விண்ணப்பம், காணிக் கடிதம், சான்றிதழ், நேர்முகப் பரீட்சைக்கான தாள் எல்லாம் அதில்தான் போகும். மாரி காலத்தில் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டே கொடுப்பேன். உறைக்குக் காசு வாங்குவதில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவர் திரும்பி வந்த அன்று, புதிதாக அடித்த கடிதத்தின் ஓரத்தில் அவர் கண் முன்னாலேயே ஒரு துளி தண்ணீர் வைத்துக் காட்டினேன். எழுத்து அசையவில்லை. அவர் விரலால் தொட்டுப் பார்த்து விட்டு, "இப்ப சரி தம்பி" என்றார். பஸ் காசை நீட்டினேன், வாங்க மறுத்து விட்டார். அடித்த கூலியையும் வைத்து விட்டே போனார்.

நீங்கள் முதன்முதலாக நிரப்பும் நாளில், பிரின்ட் வந்து விட்டது என்ற சந்தோஷத்தில் இருந்து விடாமல், அந்த ஒரு துளித் தண்ணீரையும் வைத்துப் பாருங்கள்.